ரெடிமேட் என்டிஏ வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சிறிய தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனம் நடத்துகிறோம். நிறுவனங்களின் சர்வர்களைக் கிளவுடுக்கு மாற்றித் தருவது, பழைய மென்பொருளைப் புதுப்பிப்பது எங்கள் வேலை. இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சில்தான் ஓடியது. இப்போது ஒரு பெரிய க்ளையன்ட், ‘உங்கள் என்டிஏவை (ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை) அனுப்புங்கள்’ என்கிறார். இணையத்தில் ரகசியக் காப்பு ஒப்பந்தப் படிவங்கள் விற்கிறார்கள், இலவசமாகவும் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டால் போதாதா?

பதில்: வாங்குவதில் தவறில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அந்தப் பெயரையாவது ஒழுங்காக மாற்ற வேண்டும். எனக்கு ஒருமுறை வந்த என்டிஏவில் எட்டாவது ஷரத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது. ரகசியம் காக்கப் போகிறவர்கள்!

படிவத்தை வாங்கும் முன் அது யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். ‘தகவல் தருபவர்’, ‘தகவல் பெறுபவர்’ என்று நிலையாக இரண்டு பாத்திரங்கள் இருந்தால் அது ஒருதலை ஒப்பந்தம். உங்கள் தொழிலில் ரகசியம் இரண்டு பக்கமும் போகிறது. க்ளையன்ட் தன் நெட்வொர்க் வரைபடம், பாஸ்வேர்டுகள், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறார். நீங்களும் உங்கள் கட்டணக் கணக்கு, வேலைத்திட்டம், சொந்தமாக எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்டுகளை (சிறு கணினி நிரல்களை) காட்டுகிறீர்கள். உங்கள் திட்ட அறிக்கையை அப்படியே வேறொருவரிடம் கொடுத்து, ‘இதையே குறைந்த விலைக்குச் செய்வீர்களா?’ என்று க்ளையன்ட் கேட்டால் என்ன செய்வீர்கள்? ஆகவே இருதரப்பையும் கட்டும் படிவமாக எடுங்கள்.

அடுத்து, ரகசியம் என்றால் என்ன என்று சொல்லும் ஷரத்து. ‘எந்த வடிவிலும் பரிமாறப்பட்ட எல்லாத் தகவலும்’ என்று பல படிவங்களில் இருக்கும். பார்க்க பலமாகத் தெரியும். எல்லாமே ரகசியம் என்றால் எது உண்மையான ரகசியம் என்று நீதிமன்றத்தில் காட்டுவது சிரமம். 1995 முதல் நடப்பில் இருக்கும் டிரிப்ஸ் உடன்படிக்கை (அறிவுசார் சொத்துரிமை பற்றியது, உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகளுக்குப் பொதுவானது) பிரிவு 39-இல் மூன்று சோதனைகள் வைக்கிறது. தகவல் அந்தத் துறைக்காரர்களுக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். வைத்திருப்பவர் அதைக் காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். என்டிஏ மூன்றாவது சோதனைக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிவிட்டு, அதே கோப்பை இணைப்பு கிடைத்த எவரும் திறக்கும்படி பொது ஃபோல்டரில் போட்டால் அந்தச் சாட்சியும் பலவீனமாகிவிடும்.

விலக்குகள் நான்கு கட்டாயம் இருக்க வேண்டும்: ஏற்கெனவே வெளியுலகுக்குத் தெரிந்தது, உங்களுக்கு முன்பே தெரிந்தது, மூன்றாம் நபரிடமிருந்து முறையாகக் கிடைத்தது, நீங்கள் தனியாக உருவாக்கியது. சட்டப்படி கேட்டால் கொடுக்கலாம் என்ற வரியும் வேண்டும். இவை பெரும்பாலும் ரெடிமேட் படிவத்திலேயே வந்துவிடும்.

வராதது ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அதுதான் உயிர்நாடி. ஒரு க்ளையன்டிடம் பத்து மாதம் மல்லுக்கட்டி, பெரிய டேட்டாபேஸை வியாபாரம் நிற்காமல் எப்படி நகர்த்துவது என்று கற்றுக்கொள்கிறீர்கள். அடுத்த க்ளையன்டிடம் அந்த அனுபவத்தை மறந்துவிட்டா வேலை செய்ய முடியும்? ‘எல்லாத் தகவலும் ரகசியம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் முதல் க்ளையன்ட் சண்டைக்கு வர இடமுண்டு. அதனால், வேலையின் போக்கில் நினைவில் தங்கும் பொதுவான திறமையையும் நுட்பத்தையும் பிற இடங்களில் பயன்படுத்தத் தடையில்லை என்று ஒரு ஷரத்தைச் சேருங்கள். பெரிய நிறுவனங்களின் வக்கீல்கள் முதலில் இதைத்தான் அடிப்பார்கள். முழுதாக விட்டுக்கொடுக்காமல் சுருக்கிக்கொள்ளுங்கள்: க்ளையன்டின் தரவு, சோர்ஸ் கோடு (மென்பொருளின் மூல நிரல்), விலைப்பட்டியல் இதில் சேராது, குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்வதும் வேண்டுமென்றே மனப்பாடம் செய்வதும் சேராது, காப்புரிமை, பதிப்புரிமை எதுவும் இதனால் கைமாறாது. இவ்வளவு சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியும் மறுத்தால், அந்த வேலை அந்த அளவுக்கு வேண்டுமா என்று மூன்று பேரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான்.

காலக்கெடு: வேலை முடிந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்று போடுவது வழக்கம். சோர்ஸ் கோடு போன்ற தொழில் ரகசியங்களுக்கு மட்டும் ‘ரகசியமாக இருக்கும்வரை’ என்று தனியாக எழுதுங்கள். இல்லையென்றால் கெடு முடிந்த மறுநாளே, ‘இனி காக்கத் தேவையில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம்.

படிவம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு எழுதியது என்றும் பாருங்கள். அமெரிக்கப் படிவங்கள் சிலவற்றில், சட்டமீறலை அரசிடம் ரகசியமாகப் புகார் செய்பவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஒரு பாரா இருக்கும். 2016-இல் வந்த அந்நாட்டுத் தொழில் ரகசியப் பாதுகாப்புச் சட்டத்தின் வேலை அது. ஊழியரோடோ தனிநபர் ஆலோசகரோடோ போடும் ஒப்பந்தத்தில் அந்த அறிவிப்பு இல்லையென்றால், அவர்மீது அச்சட்டப்படி வழக்குப் போடும்போது தண்டனை போன்ற கூடுதல் இழப்பீடும் வக்கீல் செலவும் கேட்க முடியாது. அமெரிக்கச் சட்டம் உங்களைத் தொடாது என்றால் அந்தப் பாரா வெறும் சுமை. தொடும் என்றால், நீளமாக இருக்கிறதே என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, ‘இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது’ என்ற வரி உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 27 தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. கலிஃபோர்னியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். வேறு பல இடங்களில் நியாயமான அளவுக்குச் செல்லும். இப்படி இடத்துக்கு இடம் மாறுவதால்தான், படிவத்தை வாங்கினாலும் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரமாவது காட்டுங்கள் என்கிறேன்.

கேள்வி: என் நிறுவனத்துக்கு ஓர் ஆலோசகர் மென்பொருள் அமைத்துத் தந்தார். என்டிஏவில் கையெழுத்தும் போட்டார். பாதி வேலையை அவருடைய ஃப்ரீலான்சர் ஒருவர் செய்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. எங்கள் வாடிக்கையாளர் விவரமெல்லாம் அந்த நபரிடமும் இருக்குமே?

பதில்: இருக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரைத்தான் நேரடியாகக் கட்டும். துணைக்கு வைத்துக்கொள்பவர்களிடமும் இதே அளவு கண்டிப்பான எழுத்து வாங்க வேண்டும், அவர்கள் மீறினால் ஆலோசகரே பொறுப்பு என்று உங்கள் என்டிஏவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆலோசகரைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஃப்ரீலான்சரிடம் இப்போதாவது ஒரு பக்கத்தில் எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே எல்லாப் பாஸ்வேர்டுகளையும் அணுகல் சாவிகளையும் மாற்றிவிடுங்கள். ஒப்பந்தம் அப்புறம். தரவை அழித்துவிட்டதாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பேக்கப்பில் இருப்பதை உடனே அழிக்க முடியாது’ என்று பதில் வரும். அது பெரும்பாலும் உண்மைதான். எந்தத் தேதியில் தானாக அழியும், அதுவரை யாரும் திறக்க மாட்டார்களா என்பதை அதே கடிதத்தில் கேளுங்கள். பிழைச் செய்திகளை ஏஐ சாட் செயலிகளில் ஒட்டிப் பார்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் அந்த வழியாகவும் வெளியே போகும்.

ஆட்களின் சொந்த விவரங்கள் என்றால் என்டிஏ மட்டும் போதாது. 2018 மே 25 முதல் அமலில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதி, பிறருக்காகத் தரவைக் கையாள்பவரோடு தரவுக் கையாளல் நிபந்தனைகள் கொண்ட ஒப்பந்தம் வேண்டும் என்று பிரிவு 28-இல் சொல்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: முதல் சந்திப்புக்கு முன்பே என்டிஏ கேட்டேன். ஆலோசகர் மறுத்துவிட்டார். சந்தேகப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதே துறையில் பத்துப் பேரிடம் பேசுகிறவர், கேட்காத ரகசியத்துக்கும் பொறுப்பேற்க ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? முதல் சந்திப்பில் என்ன வேலை, எவ்வளவு நாள், என்ன செலவு என்பதை மட்டும் பேசுங்கள். சர்வர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உள் விவரங்களைக் காட்டும் கட்டம் வந்த பிறகும் மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.