விற்றவர் கை கழுவ முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளும் சட்டமும்

கேள்வி: அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் முறைப்படி விற்ற துப்பாக்கியால் ஒருவர் கொலை செய்தால், கடைக்காரர் மீது வழக்கே போட முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சுருக்கமாக பி.எல்.சி.ஏ.ஏ. என்பார்கள். வாங்கியவர் செய்த குற்றத்துக்காகத் தயாரித்தவரிடமோ விற்றவரிடமோ நஷ்டஈடு கேட்பதை அது பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆனால் அதே சட்டம் சில விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. கடைக்காரரைப் பொறுத்தவரை இரண்டு முக்கியம். வாங்குபவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும் விற்றது ஒன்று. விற்பனைச் சட்டத்தைத் தெரிந்தே மீறி, அந்த மீறலே பாதிப்புக்குக் காரணமானது இன்னொன்று. 'தனக்கோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாங்கியவர் தற்கொலை செய்துகொண்டாலும் இந்த வழி மூடுவதில்லை.

ஆகவே இத்தகைய வழக்கை எடுக்கும் வழக்கறிஞர் முதலில் துருவுவது கவுண்டரில் நடந்ததைத்தான். யார் வந்தார்கள், யார் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள், பணம் யார் பையிலிருந்து வந்தது, படிவத்தில் எங்கே அடித்துத் திருத்தியிருக்கிறது?

கேள்வி: வேறொருவருக்காக ஒருவர் தன் பெயரில் வாங்கினால், அது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

பதில்: பினாமி விற்பனை பல நேரங்களில் கண்ணெதிரேயே நடக்கிறது. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். 'உண்மையில் வாங்குவது நீங்கள்தானா?' என்ற கேள்வி அதில் இருக்கிறது. அதற்குப் பொய் சொல்வதே குற்றம்.

மில்வாக்கி வட்டாரத்தில் 2009-ல் நடந்ததைப் பாருங்கள். கைத்துப்பாக்கி வாங்கும் வயதில்லாத 18 வயது இளைஞர் ஒருவர், 21 வயது கடந்த ஒருவரைக் கடைக்கு அழைத்து வந்தார். எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று காட்டியவர் அந்த இளைஞர்தான். உடன் வந்தவர் மேற்சொன்ன கேள்விக்கு முதலில் 'இல்லை' என்று குறித்தார். பிறகு அது 'ஆம்' என்று திருத்தப்பட்டது. விற்பனை நடந்தது. அடுத்த மாதமே அந்தத் துப்பாக்கியால் இரண்டு காவலர்கள் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார்கள். 2015-ல் ஜூரி, கடைக்கு எதிராக ஏறத்தாழ 60 லட்சம் டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்புச் சொன்னது. கடைக்காரர் கண்ணில் பட்டும் கவனிக்காமல் விட்டவைதான் வழக்கை வென்றுகொடுத்தன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு சிலவும் உண்டு. ஒருவர் பேச, இன்னொருவர் கையெழுத்துப் போடுவது. வாங்குபவருக்குத் தான் கேட்கும் மாடலின் பெயர் தெரியாமல் ஃபோனில் யாரையோ கேட்பது. ஒரே ரகத்தில் பல, ரொக்கமாக. சில நாள்களில் மறுபடியும். அடுத்தடுத்த 5 வேலை நாள்களுக்குள் ஒருவருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் கைத்துப்பாக்கி விற்றால், அதைத் துப்பாக்கி உரிமங்களைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

உள்ளன்போடு தரும் பரிசுக்காக வாங்கலாம், அது பினாமி ஆகாது. ஆனால் யாருக்காக வாங்குகிறோமோ அவரே பணம் கொடுத்திருந்தால் அது பரிசு இல்லை. மாமாவிடம் முன்கூட்டியே 400 டாலர் காசோலை வாங்கிக்கொண்டு அவருக்காகத் துப்பாக்கி வாங்கிய ஒருவருக்கு விதித்த தண்டனையை, 2014-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் உறுதி செய்தது. அந்த மாமா தானே போய் வாங்கவும் தகுதி உள்ளவர்தான். 2022-ல் வந்த சட்டத்தின்படி பினாமி வாங்கலுக்கு 15 ஆண்டு வரை சிறை.

கேள்வி: பின்னணிச் சோதனையில் பதில் வராமல் தாமதமானால்?

பதில்: வாங்குபவருக்குத் துப்பாக்கி வாங்கத் தடை உண்டா என்று விற்கும் முன் பார்ப்பதுதான் பின்னணிச் சோதனை. 3 வேலை நாள் கடந்தும் எஃப்.பி.ஐ.-யிடமிருந்து பதில் வராவிட்டால், கடைக்காரர் விற்கலாம் என்பது கூட்டாட்சி விதி. விற்கலாம் என்றுதான் இருக்கிறது, விற்க வேண்டும் என்று இல்லை. 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவரின் கைத்துப்பாக்கி இப்படிப் பதில் வராமலே கைமாறியதுதான். வாங்குபவர் 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால், 2022-க்குப் பிறகு இந்தக் காத்திருப்பு 10 வேலை நாள் வரை நீளலாம். தெளிவான அனுமதி வரும்வரை விற்பதில்லை என்று சில கடைகள் தாங்களாகவே வைத்திருக்கும் வழக்கம்தான் சரி. ஒரு வாரம் தள்ளிப்போன விற்பனையால் எந்தக் கடையும் மூழ்கிவிடாது.

கேள்வி: என் தம்பி குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அவன் மகனுக்கு 23 வயது, மனநலச் சிகிச்சையில் இருக்கிறான். துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொல்கிறானாம். கடைக்கு ஃபோன் செய்து தடுக்க முடியுமா?

பதில்: முடியும். இன்றே செய்யச் சொல்லுங்கள். நோய் இருக்கிறது என்பதாலோ, தானே விரும்பிச் சிகிச்சை பெறுவதாலோ பொதுவாகப் பின்னணிச் சோதனையில் அவர் பெயர் சிக்காது. நீதிமன்றமோ அதுபோன்ற அமைப்போ அவரது நிலை குறித்துத் தீர்மானித்திருக்க வேண்டும், அல்லது கட்டாயமாக மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டும். சோதனை தடுத்துவிடும் என்று பெற்றோர் நம்பி உட்கார்ந்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

மிசௌரி மாநிலத்தில் 2012-ல் ஒரு தாய், மனநோயுள்ள தன் மகளுக்குத் துப்பாக்கி விற்க வேண்டாம் என்று கடைக்கு ஃபோன் செய்து கெஞ்சினார். மகளின் பெயரோடு அடையாள விவரங்களையும் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கடை விற்றது. அன்றே மகள் தன் தந்தையைச் சுட்டுக் கொன்றார். தெரிந்தே ஆபத்தானவர் கையில் கொடுத்தது என்ற அடிப்படையில் வழக்கு நடக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது. கடை 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

உங்கள் தம்பி, வீட்டிலிருந்து எளிதில் போகக்கூடிய எல்லாக் கடைகளுக்கும் பேச வேண்டும். பையனின் முழுப்பெயர், பிறந்த தேதி, அடையாளம், புகைப்படம் ஆகியவற்றோடு, 'உடல்நிலை சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், என்றைக்கு என்ன சொன்னான், என்ன செய்தான் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பட்டும். விற்றே ஆக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எந்தக் கடையையும் கட்டாயப்படுத்தவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் துப்பாக்கி வைத்திருக்கத் தற்காலிகத் தடை கேட்டு நீதிமன்றம் போகலாம். சில மாநிலங்களில் காவல்துறை மட்டுமே மனுப் போட முடியும். அந்தத் தடை வந்துவிட்டால் சோதனையிலேயே தெரிந்துவிடும். தனிநபரிடம் வாங்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே மாநிலத்தில் வசிப்பவர்களுக்குள் நடக்கும் அத்தகைய விற்பனைக்குப் பல மாநிலங்களில் சோதனையே இல்லை. தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால் முதலில் அதை வெளியேற்றட்டும்.

கேள்வி: கடையிலிருந்து துப்பாக்கி திருட்டுப் போய்க் குற்றம் நடந்தால்?

பதில்: இழப்பு தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.-புக்கும் உள்ளூர் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். வரிசை எண்ணோடு கூடிய வரவு–பற்றுப் பதிவேட்டை அலமாரியோடு ஒப்பிடாத கடைக்கு, இழப்பே தெரியாது. 2002-ல் வாஷிங்டன் வட்டாரத்தில் மறைந்திருந்து சுட்டுக் கொன்றவர்களின் ரைஃபிள் வந்த கடையில், இருநூறுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கில்லை. 2004-ல் கடையும் தயாரிப்பாளரும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்கள் தரப்புக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

கேள்வி: பாதிக்கப்பட்ட குடும்பம் வழக்குப் போட நினைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவசரப்பட்டு வழக்குப் போட வேண்டாம். 2012-ல் கொலராடோ திரையரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோர், இணையத்தில் தோட்டா விற்றவர்கள் மீது போட்ட வழக்கு தள்ளுபடியானது. எதிர்த்தரப்பின் செலவாக 2 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னது நீதிமன்றம். விதிவிலக்குக்குள் அடங்குமா என்று அந்த மாநில வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள். ஆனால் சாட்சியத்தைக் காப்பாற்றச் சொல்லும் கடிதம் மட்டும் உடனே கடைக்குப் போக வேண்டும். படிவம் 4473 பத்திரமாக இருக்கும். கண்காணிப்புக் கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். ஏ.டி.எஃப். தடமறிந்த விவரத்தைச் சிவில் வழக்கில் பயன்படுத்த முடியாது என்பதால், துப்பாக்கியின் வரிசை எண்ணையும் விற்ற கடையையும் குற்றவழக்கின் ஆவணங்களிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். பல மாநிலங்களில் வழக்குத் தொடுக்கும் கெடு 2 ஆண்டுதான்.