பாட்டிக்கு 50, பேத்திக்கு 75?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, எடை 36 கிலோ, தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். ஹாஷிமோட்டோ தைராய்டு (உடம்பே தைராய்டு சுரப்பியைத் தாக்கி, ஹார்மோன் சுரப்பு குறையும் நோய்) என்று சொல்லி ஏழு வாரமாகத் தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் கொடுக்கிறோம். முன்பு இருக்கும் இடம் தெரியாத பிள்ளை. இப்போது எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறாள். சீப்பு நிறைய முடி. நடு இரவிலும் விழித்திருக்கிறாள். "எனக்கே 50தான், சின்னப் பிள்ளைக்கு 75ஆ? வளர்த்தியே நின்றுவிடும்" என்றார் மாமியார். பயந்துபோய் நான்கு நாள் நிறுத்தினேன். நன்றாகத் தூங்கினாள். மறுபடியும் கொடுக்கலாமா?
- ஒரு தாயார், ஈசூன்

பதில்: இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் போட்டு, நிறுத்தியதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மருந்தகத்தில் காலம் கழித்த எனக்கு, உங்கள் மாமியார் போட்ட கணக்கு புதிதல்ல. முகப்பில் நின்று இதே கேள்வியைக் கேட்ட பாட்டிகள் எத்தனையோ பேர்.

பெரியவர்களுக்கு முழு அளவு என்றால் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். வளரும் பிள்ளைகளின் உடல் இந்த ஹார்மோனை வேகமாகச் செலவழிக்கும். உங்கள் மகள் வயதில் கிலோவுக்கு 2 முதல் 4 வரை கொடுப்பது வழக்கம், அவளுக்கு வருவது 2தான். பிறந்த குழந்தைக்கோ கிலோவுக்கு 10 முதல் 15! பாட்டியையும் பேத்தியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நான்கு நாளில் தூக்கம் வந்தது மாத்திரையை நிறுத்தியதாலா என்பது எனக்குச் சந்தேகம். இந்த மருந்து பாதி கரையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நிறுத்திய நாள்களிலும் அவள் உடம்பில் மருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முடி கொட்டுவது முதல் சில மாதங்களில் சில பிள்ளைகளுக்கு வரும். பிறகு முளைத்துவிடும். எரிச்சலும் அப்படித்தான் இருக்கலாம். மாதக்கணக்கில் மந்தமாகக் கிடந்த பிள்ளை திடீரென்று விழித்துக்கொள்கிறாள், கவனம் சிதறும், மார்க் கொஞ்சம் இறங்கவும் செய்யும். தேர்வு ஆண்டில் இது வயிற்றைக் கலக்கும், தெரியும். முன்பு அவள் அமைதியாக இருந்ததில் பாதி நோயின் வேலை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆனால் அளவு கூடிப்போனாலும் தூக்கம் கெடும், கோபம் வரும். அவளைக் கை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் படபடவென்று நடுங்கினாலோ, சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டாலோ, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் அன்றைக்கே ஓடுங்கள். அது அரிது. நொண்டினாலோ இடுப்பு, முட்டி வலித்தாலோ அதையும் காட்ட வேண்டும்.

வளர்த்தி விஷயத்தில் மாமியார் பாதி சரி. தேவைக்கு மேல் நெடுநாள் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் முதிர்ந்து உயரம் குறையும். சரியான அளவோ, நோயால் நின்றுபோன உயரத்தை மீட்டுத் தரும். கொடுக்காமல் விட்டாலும் பிள்ளை வளராது. அதற்குத்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை.

பரிசோதனைக்கு முன் "நான்கு நாள் விட்டுப்போச்சு" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். விட்டுவிட்டுக் கடைசி வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டால், டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராக்ஸின், நன்றாக இருக்கும்; மருந்து போதாதபோது ஏறும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறியே நிற்கும். விவரம் தெரியாவிட்டால் அளவைக் கூட்டிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் நீங்கள் பயந்த பக்க விளைவு நிஜமாகவே வரும்.

காலையில் எதோடு கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மைலோ பாலோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. சோயா பாலும் ஆகாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி.

நானும் இந்த மாத்திரைக்காரிதான். ஒருமுறை பெட்டியிலிருந்து பிரித்து, ரைஸ் குக்கருக்கு மேலே இருந்த அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். தினமும் ஆவியும் சூடும். அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் எகிறியிருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள்! இப்போது படுக்கையறை மேசையில், வந்த அட்டையிலேயே இருக்கிறது.

மாமியாரிடமும் ஒன்று கேளுங்கள்: அவருடைய 50 காலைக் காப்பியோடுதான் உள்ளே போகிறதா?