திரை வினா–விடை: ஒரே சீருடையில் ஒரு காவல் நிலையம்

கேள்வி: ‘குங் ஃப்யூரி’ என்ற ஸ்வீடன் நாட்டுக் குறும்படத்தை என் மகன் காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால், இளமையில் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்து ரசித்த அதிரடிப் படங்களை இப்படிக் கேலி செய்துவிட்டார்களே என்ற வருத்தமும் கூடவே வந்தது. இது சரியா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: வருந்தத் தேவையில்லை. அந்தப் படங்களின் மீது தீராத காதல் கொண்ட ஒருவரால் மட்டுமே இப்படியொரு படத்தை எடுக்க முடியும். கதை 1985ஆம் ஆண்டில் மயாமி நகரில் நடக்கிறது. கூட்டாளியான காவலரை ஒரு நிஞ்சா கொன்றுவிட, அதே வேளையில் மின்னல் தாக்கி, நாகமும் தீண்டியதால் குங்ஃபூ வல்லமை பெற்ற துப்பறியும் காவலர்தான் நாயகன். ஹிட்லரை ஒழிப்பதற்காகக் காலத்தைக் கடந்து செல்ல முயலும் அவர், கணக்குத் தவறி, வைகிங்குகள் எனப்படும் பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகளின் காலத்தில் போய் இறங்குகிறார். அங்கே டைனோசர்களும் உலவுகின்றன.

ஒரு காட்சியில் ஹிட்லர் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, ரிசீவருக்குள்ளேயே துப்பாக்கியால் சுடுகிறார். குண்டுகள் மறுமுனையில் இருப்பவர்கள் மீது பாய்கின்றன. இதை எடுத்த விதத்தைக் கவனியுங்கள். யாரும் கண் சிமிட்டுவதில்லை. நாயகனின் கோபத்தில் துளியும் விளையாட்டு இல்லை. நாம் கேசட்டில் பார்த்த நாயகர்கள் எவ்வளவு தீவிரமாகப் பழிவாங்கப் புறப்பட்டார்களோ, அதே தீவிரத்தோடு இவரும் புறப்படுகிறார். நடிகர்கள் தாங்களே சிரித்துவிட்டால் பகடி அங்கேயே செத்துவிடும் என்பது இயக்குநருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தேய்ந்த கேசட்டில் ஓடும் கோடுகளையும் வெளிறிய நிறத்தையும்கூட அவர் விட்டுவிடவில்லை. வெறுப்பவருக்கு அந்தக் கோடுகள் நினைவில் நிற்குமா?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து குறும்படம் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். கையில் பணம் குறைவு. இத்தகைய படத்தை நினைத்துப் பார்க்கவாவது முடியுமா?
– திருச்சி வாசகர்

பதில்: தாராளமாக நினைக்கலாம். இதை எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்த டேவிட் சாண்ட்பெர்க், விளம்பரங்களும் இசைக் காணொளிகளும் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தப் பணம் சுமார் 5,000 டாலரைக் கொண்டு முதலில் முன்னோட்டத்தை மட்டும் எடுத்தார். 2013 டிசம்பரில் அதை, இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வெளியிட்டு 2 லட்சம் டாலர் கேட்டார். 17,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 6 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்தத் தொகையைப் பற்றி அல்ல. படத்தின் மயாமி நகரம் பெரும்பாலும் ஸ்வீடனின் வடபகுதியிலுள்ள உமெயோ நகரில், பின்னணியைக் கணினியில் மாற்றிக்கொள்ள உதவும் பச்சைத் திரைக்கு முன்னால் உருவானது. காவல் நிலையக் காட்சிக்கு ஒரே ஒரு சீருடைதான் வாங்க முடிந்தது என்பதால், துணை நடிகர்களுக்கு அதையே மாற்றி மாற்றி அணிவித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம்பிடித்து, பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்த்து நிலையத்தை நிரப்பினார்கள். நாயகன் நாஜி வீரர்களை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்திக்கொண்டே நடக்கும் நீண்ட சண்டை, ஒரே மூச்சில் எடுத்ததுபோல் தோன்றும். உண்மையில் அது 2014 கோடை முழுவதும் தனித்தனியாக எடுக்கப்பட்ட 60க்கும் மேற்பட்ட துண்டுகளின் ஒட்டு. ஒவ்வொரு துண்டிலும் வெளிச்சமும் கேமராவின் உயரமும் முந்தைய துண்டோடு பொருந்தியாக வேண்டும். நீங்கள் நால்வரும் சேமிக்க வேண்டியது இந்தப் பொறுமையைத்தான். எல்லோரும் சேர்ந்து நிற்கும் காட்சியைக்கூட ஒரே சட்டையை வைத்துக்கொண்டு எடுத்துவிடலாம்.

கேள்வி: ஹிட்லரைக் கோமாளியாக்குவது தகுமா?
– மதுரை வாசகி

பதில்: இந்தப் படத்தில் அவனால் மடிந்தவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, குங்ஃபூவின் பேரரசனாக வேண்டும் என்ற அவனது வெறியைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். அந்த எல்லை காக்கப்பட்டிருப்பதால் எனக்கு உறுத்தவில்லை.

கேள்வி: 31 நிமிடத்தில் முடித்துவிட்டார்களே, முழுநீளப் படமாக எடுத்திருக்கக் கூடாதா?
– சேலம் வாசகர்

பதில்: 10 லட்சம் டாலர் சேர்ந்தால் முழுநீளப் படம் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள்; அவ்வளவு சேரவில்லை. அது நல்லதற்கே என்பது என் கருத்து. பகடியில் ஒவ்வொரு நிமிடமும் முந்தைய நிமிடத்தைவிட ஒரு படி மிஞ்ச வேண்டும். அந்த ஏணி இரண்டு மணி நேரத்துக்கு நீள்வது மிகக் கடினம். 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவையொட்டி நடக்கும் ‘இயக்குநர்களின் இருவாரம்’ பிரிவில் திரையிடப்பட்டு, 28ஆம் தேதி யூடியூபில் இலவசமாக வெளியானபோது, படம் அந்த அளவிலேயே நிறைவாக இருந்தது. முழுநீள இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு 2019இல் நடந்தது. மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேக்கரும் அதில் நடித்தார்கள். பணம் தொடர்பான வழக்குச் சிக்கல்களால் அதன் வெளியீடு ஆண்டுக்கணக்கில் முடங்கியது. ஏணியைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றமில்லை. ஆனாலும் அந்தப் படம் வெளிவரும் நாளில் முதல் ஆளாகப் பார்ப்பேன்.