பட்டறைத் தரையில் எண்ணெய் கொட்டினால் மரத்தூள் போட்டால் போதுமா?

கேள்வி: இரண்டு ஹைட்ராலிக் பிரஸ், நான்கு சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு மெஷின்) உள்ள சிறிய பட்டறை. தரையில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. மரத்தூள் தூவிக் கூட்டுகிறோம். இது சரியா? கொட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்:

மரத்தூள் எண்ணெயைக் குடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நடந்தால், எண்ணெய் ஊறிய மரத்தூளுக்கு ஒரு பொறி போதும். அதைவிட, "எப்போதும் பிசுக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. எப்போதும் இருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. விநாடிக்கு ஒரு சொட்டு என்று கணக்குப் போட்டாலே ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் போகும். பவர்பேக்கில் (டாங்க், பம்ப், மோட்டார் சேர்ந்த எண்ணெய் அமைப்பு) மாதம் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். எந்த மெஷின் குடிக்கிறது என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, முதலில் ஹோஸ், ஃபிட்டிங், வால்வு பிளாக் எல்லாவற்றையும் வேஸ்ட் துணியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள். முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பார்த்துக்கொண்டே போக வேண்டும். கையால் தடவிப் பார்க்கவே கூடாது. 200 பார் அழுத்தத்தில் ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தியது போல்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கும். உடனே மருத்துவமனைக்குப் போய், "உயர் அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது" என்று அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் ஒரு அட்டைத் துண்டைப் பிடித்தால் போதும், அதில் கறை விழும்.

சிறு பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தப்பு, நேர் மரை (கூம்பாக இல்லாத, ஒரே பருமனான மரை) ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றுவது. அங்கே அடைப்பது மரை அல்ல, டவுட்டி வாஷரோ (ரப்பர் ஒட்டிய உலோக வாஷர்) ஓ-ரிங்கோதான் (ரப்பர் வளையம்). டேப் கசிவை நிறுத்தாது. பிய்ந்த துண்டு உள்ளே போய் வால்வு ஸ்பூலையும் (வால்வுக்குள் நகரும் தண்டு) மாட்ட வைக்கும். பிரஷர் இருக்கும்போது ஃபிட்டிங்கை இறுக்கவும் கூடாது. ராமை (பிரஸ்ஸில் மேலும் கீழும் நகர்ந்து அழுத்தும் பாகம்) கீழே இறக்கி, அல்லது முட்டுக் கொடுத்து, மோட்டாரை ஆஃப் செய்து, பிரஷரை வெளியேற்றிய பிறகே ஸ்பானர். அக்யுமுலேட்டர் (எண்ணெயை அழுத்தத்தோடு சேர்த்து வைக்கும் உருளை) இருந்தால் மோட்டார் நின்றாலும் அதில் பிரஷர் இருக்கும்.

ஹோஸ் வெடித்தால் நடப்பது வேறு கதை. நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் பம்ப், 200 லிட்டர் டாங்கை ஐந்து நிமிடத்தில் தரையில் கொட்டிவிடும். ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தால் அவ்வளவுதான். டாங்கில் ஒரு லெவல் சுவிட்ச் வைத்து, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் மோட்டார் ட்ரிப் ஆகும்படி செய்யுங்கள். இவ்வளவு மலிவான காப்பு பட்டறையில் வேறெதுவும் கிடையாது. உரசும் ஹோஸ், மேல் ரப்பர் வெடித்த ஹோஸ், கிரிம்ப் (ஹோஸ் முனையில் ஃபிட்டிங்கை இறுக்கிப் பிடிக்கும் உலோக உறை) பக்கத்தில் ஈரம் கசியும் ஹோஸ் ஆகியவற்றை அடுத்த ஷட்டவுன் வரை தள்ளிப்போடாதீர்கள்.

எண்ணெயை மாற்றி ஊற்றும் இடமும் கெட்ட இடம். படுக்கப் போட்ட பேரலில் குழாயைத் திறந்து, கேன் நிரம்புவதற்குள் வேறு வேலையாகப் போவது வழக்கம். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் குழாயை மாட்டுங்கள், அல்லது கைப்பம்பால் எடுங்கள். பேரலுக்குக் கீழே ட்ரே வேண்டும். பொதுவான கணக்கு, இருப்பதில் பெரிய பேரலின் கொள்ளளவில் 110 சதவீதம்: 210 லிட்டர் பேரலுக்கு 231 லிட்டர். 4 அடிக்கு 4 அடி ட்ரேயில் விளிம்பு 7 அங்குலம் இருந்தால் 260 லிட்டர் சொச்சம் பிடிக்கும். அதை வெட்டவெளியில் வைத்தால் முதல் மழையிலேயே தண்ணீர் நிரம்பி, ட்ரே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சரி, கொட்டிவிட்டது. கொட்டியது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். தின்னர், பெட்ரோல் என்றால் ஆட்களை வெளியேற்றுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது. ஹைட்ராலிக் ஆயில் என்றால் வரிசை இது: மெஷினை நிறுத்து, பக்கத்தில் வெல்டிங்கை நிறுத்து, ஒழுகுவதை நிறுத்து, வடிகாலை அடை. பலர் நேராக எண்ணெயைத் துடைக்கப் போய்விடுகிறார்கள், அதற்குள் அது தரைச் சரிவில் ஓடி சாக்கடை ஜாலிக்குள் இறங்கிவிடும். ஃபோர்க்லிஃப்ட் முள் பேரலைக் குத்திவிட்டால், ஓட்டை மேலே வரும்படி பேரலை உருட்டினாலே பாதி வேலை முடிந்தது.

பிறகு எண்ணெய் உறிஞ்சும் நீளப் பைகளை வெளிவட்டமாகப் போட்டு, வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். வெள்ளை பேட் (உறிஞ்சும் விரிப்பு) எண்ணெயை மட்டும் குடிக்கும், தண்ணீரைத் தொடாது. சிஎன்சி கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) பெரும்பாலும் தண்ணீர், அதற்குச் சாம்பல் நிற பேட்தான். இது தெரியாமல் கூலண்டில் வெள்ளையைப் போட்டுவிட்டு "சரக்கு டூப்ளிகேட்" என்று சண்டை போடுவார்கள். 100 லிட்டருக்கு மேல் கொட்டினால் பேட் கட்டுப்படியாகாது. வைப்பரால் ஒதுக்கி, முறத்தால் அள்ளி பேரலில் ஊற்றி, மிச்சத்துக்கு மட்டும் களிமண் துகள். கடைசியில் டிகிரீசரால் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் மாப்பால் எடுங்கள். தண்ணீர் ஹோஸ் பிடித்து அலசினால் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். கண்ணுக்குத் தெரியாத படலம் மிச்சமிருந்தாலும் ஆள் வழுக்கி விழுவான்.

எண்ணெய் ஊறிய துணி, பேட், பழைய ஆயில் எல்லாம் 2016 அபாயக் கழிவு விதிகளின் கீழ் வரும். குப்பையில் போடக் கூடாது, மூடியுள்ள பேரலில் லேபிளோடு வையுங்கள், 90 நாளுக்கு மேல் தேக்கக் கூடாது. பழைய ஆயிலில் கூலண்டையோ தின்னரையோ கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்காரர் விலையைக் குறைப்பார் அல்லது எடுக்கவே மாட்டார். வண்டியில் ஏற்றும்போது படிவம் 10 (கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற சீட்டு) போட்டு உங்கள் நகலை வாங்கி வையுங்கள். "பேப்பர் எல்லாம் எதுக்கு சார், காசு கையில தரேன்" என்று வருபவருக்குக் கொடுத்தால், அவர் அதை எங்கே கொட்டினாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களைத்தான் தேடி வரும்.