எலும்பு மஜ்ஜை மாற்றும்போது வாய்க்குள் சிவப்பு ஒளி காட்டுவது ஏன்?

வாய்ப்புண் வந்த பிறகு மருந்து போடாமல், வருவதற்கு முன்பே தடுக்கத்தான் இந்த ஒளி சிகிச்சை.

மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் பெரும்பாலும் மிக அதிக அளவில் கீமோ கொடுப்பார்கள். வேகமாகப் பெருகும் செல்களை அது தாக்கும். வாயின் உள்தோலும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் இடம்தான். களைக்கொல்லி அடித்தால் பக்கத்து நாற்றும் வாடுகிற மாதிரி, அதுவும் சேர்ந்து அடிபடுகிறது. சாதாரண வாய்ப்புண் என்று நினைக்காதீர்கள். சிலருக்கு எச்சில் விழுங்கவே முடியாது, மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்து தேவைப்படும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அந்தப் புண் வழியே கிருமி ரத்தத்தில் நுழையலாம். அதுதான் பெரிய பயம்.

சரி, ஒளி என்ன செய்கிறது? சுமார் 630 முதல் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் செல்லுக்கு ஆற்றல் கூடுகிறது, அழற்சி குறைகிறது. வாடப்போகும் நாற்றுக்கு முன்கூட்டியே ஊட்டம் கொடுத்து வேரைத் தேற்றிவிடுவது போல.

நோயாளிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா போன்ற லேசர் கருவியை உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் ஓரம், அடிநாக்கு என்று புள்ளி புள்ளியாக வைத்து எடுப்பார்கள். பெரும்பாலும் கீமோ தொடங்கும்போதே ஆரம்பித்து தினமும் செய்வார்கள். வலிக்காது.

லேசர் என்றதும் பலர் ‘இன்னொரு ரேடியேஷனா?’ என்று பதறுகிறார்கள். இது எக்ஸ்ரே வகைக் கதிர் அல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்தான், ஆனால் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியது என்பதால் கடையில் விற்கும் சிவப்பு விளக்கு இதற்கு ஈடாகாது.