பதில்: மோதினால் பேட்டரி நகர்கிறது, ரோபோ அணைந்து மீள்கிறது

எஃப்ஆர்சி (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) ரோபோவில் 12 வோல்ட், 18 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஒரே வெல்க்ரோ பட்டையால் கட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது கிட்டத்தட்ட 6 கிலோ. மோதலில் 10 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல 10 மடங்கு, வந்தால் 60 கிலோ எடைபோல இழுக்கும்; வெல்க்ரோ அதற்கு ஆகாது.

பட்டையின் வேலை பேட்டரி மேலே எழாமல் பிடிப்பது மட்டும். பக்கவாட்டு விசையைச் சட்டகம்தான் தாங்க வேண்டும். அடிச்சட்டத்தில், முடிந்தவரை தாழ்வாகவும் நடுவிலும், நான்கு பக்கமும் 3 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிள் வைத்து ரிவெட் அடியுங்கள். இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். உள்ளே மெல்லிய ரப்பர் ஒட்டுங்கள். ஸ்க்ரூ முனை எதுவும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உறை கிழிந்தால் அமிலம் கசியும். மேலே பக்கிள் உள்ள 25 மி.மீ. நைலான் பட்டை இரண்டு. ரோபோவைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கிப் பாருங்கள், துளியும் அசையக் கூடாது.

அணைந்து மீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் டெர்மினல், அதாவது பேட்டரியில் வயர் சேரும் முனை. வயர் நுனியில் உள்ள உலோக வளையமான லக்கைக் கையால் திருகினால் அசைகிறதா? 100 ஆம்பியர் ஓடும்போது, தளர்ந்த இணைப்பின் 10 மில்லிஓம் மின்தடையே 1 வோல்ட்டை விழுங்கிவிடும். போல்ட், நட்டுடன் பல்வாஷர் போட்டு இறுக்கி, டெர்மினல் முழுவதையும் டேப்பால் மூடுங்கள். விழும் ஒரு ஸ்பேனர் போதும், ஷார்ட் ஆக. பேட்டரி வயரை ரோபோவோடு இணைக்கும் ஆண்டர்சன் கனெக்டரைச் சட்டகத்தோடு பிணைத்து, வயருக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். வயரைப் பிடித்து பேட்டரியைத் தூக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அதனாலும் லக் தளரும்.