களனியில் ஏறிய கடல்

கேள்வி: இலங்கையின் களனியை ஆண்ட களனி திஸ்ஸன் காலத்துக் கடல்கோளை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கதைதானே, யார் சரிபார்க்கப் போகிறார்கள்? கற்பனையைத் தாராளமாக விடலாமா?
– ஒரு வாசகர், பெரியகல்லாறு

பதில்: உங்கள் தெருவிலேயே சரிபார்ப்பார்கள். திஸ்ஸனின் கிரீடத்தில் எத்தனை கல் என்று கேட்க மாட்டார்கள். கடல் எப்படி வந்தது என்பதில் விடமாட்டார்கள்.

நீங்கள் எழுதியிருப்பது: நிலம் குலுங்குகிறது, கடல் உள்வாங்குகிறது, பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடுகிறார்கள், அப்புறம் அலை. இது தாய்லாந்துக் காட்சி. 2004 டிசம்பர் 26இல் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் முதலில் கடல் வற்றியது. நம் இலங்கைக் கிழக்குக் கரையில் முதலில் நீர்தான் ஏறியது; உள்வாங்கியது பிறகு. அலை இங்கே வரச் சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. களனியோ மேற்குக் கரை. உங்கள் பூகம்பம் எங்கே நடந்தது? நாவலில் சொல்ல வேண்டாம், நீங்களாவது தீர்மானித்து வைத்திருங்கள்.

குற்றமற்ற தேரரை, அதாவது புத்த பிக்குவை, அரசன் கொன்றான், கடல் தேவதைகள் சினந்தன என்கிறது மகாவம்சம். இந்திரவிழா எடுக்காததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. சரி, உங்கள் பாத்திரங்களும் அப்படி நம்பட்டும். அந்தக் காலத்து மனிதர் வேறெப்படி யோசிப்பார்? ஆனால் கதைசொல்லியும் கூடச் சேர்ந்துகொண்டு 'ஊர் செய்த பாவம்' என்று மூன்று பக்கம் முழங்குகிறாரே, அதை வெட்டுங்கள். மட்டக்களப்பு நாவலடியில் சுனாமிக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் உங்கள் வாசகிதான்.

அலை போன மறுநாள் பற்றி ஒரு வரியும் இல்லை. கடலின் சினம் தணிக்க அரசன் அனுப்பிய இளவரசி பொற்கலத்தில் மிதந்து போவதை எல்லோரும் எழுதியாயிற்று. ஊரில் மிஞ்சியவர் எதைக் குடித்தார்? சுனாமிக்குப் பிறகு நம் மணல் நிலத்துக் கிணறுகள் உப்பாகிப் போயின. மேலே மெல்லிய படலமாக நல்ல தண்ணீர், அடியில் உப்புநீர். சுத்தம் செய்வதாக அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் கிடந்த உப்பும் மேலே வந்துவிடும். மழை பெய்து பெய்துதான் கிணறு தேற வேண்டும். வயலிலும் அதே கதைதான். களனியில் அந்த வருடம் எங்கே விதைத்திருப்பார்கள், எந்த ஊருக்குக் குடம் தூக்கிப் போயிருப்பார்கள்? கற்பனையை அங்கே தாராளமாக விடுங்கள்.

அரசவை வர்ணனையைப் பாதியாகக் குறைத்து, இரண்டாம் அத்தியாயத்தோடு சேர்த்து அனுப்புங்கள். படிக்கிறேன்.